ஒற்றைப் பச்சைக் கோடு

ஐ.பி.எம். 5151 மானிட்டரில் பவர் சுவிட்ச்சைத் தேடினால் கிடைக்காது. முன்பக்கம் இருப்பவை இரண்டே திருகுகள்: வெளிச்சத்துக்கு ஒன்று, கான்ட்ராஸ்டுக்கு ஒன்று. அதன் கரண்ட் வயர் சுவருக்குப் போகாது. கம்ப்யூட்டரின் முதுகில் உள்ள ஒரு தனிச் சாக்கெட்டுக்குப் போகும். கம்ப்யூட்டரைப் போட்டால் மானிட்டரும் எழும், அணைத்தால் அதுவும் தூங்கிவிடும். 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை அறிமுகப்படுத்தியபோது கூடவே வந்த பச்சைத் திரை இது. விலை 345 டாலர்.

அப்படி ஒன்று நாற்பது ஆண்டு கழித்து ஒரு சேகரிப்பாளரின் மேசைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டரின் சுவிட்ச்சைப் போடுகிறார். சில நொடிகள் இருட்டு. பிறகு திரையின் நட்டநடுவில், இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை, ஊசியால் கீறியதுபோல ஒரே ஒரு பச்சைக் கோடு. எழுத்து இல்லை, வேறெதுவும் இல்லை. சேகரிப்பாளரின் முகம் விழுந்துவிடும். பக்கத்தில் ஒரு பழைய டிவி மெக்கானிக் நின்றிருந்தால் அவர் முகம் மலரும். "வெர்ட்டிகல் போச்சு, அவ்வளவுதான்" என்பார். அடுத்த நொடியே கை நீட்டி வெளிச்சத்தைக் குறைப்பார்.

மலர்ச்சிக்கும் அவசரத்துக்கும் காரணம் அந்தக் கோட்டிலேயே இருக்கிறது.

பிக்சர் டியூப் என்பது காற்று உறிஞ்சப்பட்ட ஒரு கண்ணாடிப் புட்டி. 1897இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் செய்த குழாயின் வாரிசு. கழுத்துப் பகுதியில் ஒரு ஹீட்டர் கம்பி சிவந்து கேத்தோடைச் சூடாக்குகிறது. சூடேறிய கேத்தோடு எலக்ட்ரான்களைக் கக்குகிறது. புட்டியின் அகன்ற பக்கத்தில் 12,000 வோல்ட் காத்திருக்கிறது. அந்த இழுப்பில் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை எட்டி, கண்ணாடியின் உள்புறம் பூசிய பாஸ்பரில் மோதுகின்றன. மோதிய இடம் ஒளிர்கிறது. அப்படியே விட்டால் திரை நடுவில் ஒரு புள்ளிதான் தெரியும். கழுத்தைச் சுற்றியிருக்கும் யோக் எனப்படும் செம்புச் சுருள்கள்தான் அந்தப் புள்ளியை அலைக்கழிக்கின்றன. ஒரு ஜோடி இடமிருந்து வலமாக இழுக்கும், மற்றொரு ஜோடி மேலிருந்து கீழாக இறக்கும். 5151இல் புள்ளி ஒரு வரியைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம் ஒரு நொடியின் பத்து லட்சம் பாகத்தில் 54. நொடிக்கு 18,432 வரிகள், சுமார் 50 முழுத் திரைகள்.

இப்போது அந்தக் கோட்டைப் பார்க்கலாம். ஒளி இருக்கிறது, ஆக ஹீட்டர் எரிகிறது, கேத்தோடு உயிரோடு இருக்கிறது, டியூபுக்குள் காற்று புகவில்லை. ஒளி வர வேண்டுமானால் பல்லாயிரம் வோல்ட் வேண்டும், அதுவும் இருக்கிறது. கோடு ஓரம்வரை நீண்டிருக்கிறது; ஹாரிசான்டல் பகுதி முழுசாக வேலை செய்கிறது. பவர் சப்ளையும் பெரும்பாலும் சரி. கெட்டது மேல்கீழ் அசைவு ஒன்றுதான். பின்மூடியைக் கழற்றாமல், மீட்டரைத் தொடாமல், சர்க்யூட்டின் முக்கால்வாசி மேல் சந்தேகம் தீர்ந்துவிட்டது. தன் நோயைத் தானே படம் வரைந்து காட்டும் இயந்திரங்கள் அதிகமில்லை. ரேடியோ கெட்டால் மௌனம், ஃபிரிட்ஜ் கெட்டால் வெதுவெதுப்பு. மானிட்டர் கெட்டால் பெரும்பாலும் ஒரு வரைபடம் கிடைக்கும்.

வெளிச்சத்தைக் குறைத்த அவசரத்துக்கு வருவோம். 350 வரிகளில் பரவ வேண்டிய எலக்ட்ரான் மழை முழுவதும் இப்போது ஒரே வரியில் கொட்டுகிறது. சில நிமிடங்கள் அப்படியே விட்டால் பாஸ்பர் கருகி, பழுது சரியான பிறகும் திரையின் குறுக்கே ஒரு தழும்பு நிற்கும்.

கோடு நெட்டுவாக்கில் நின்றால் கதை வேறு. பார்ப்பதற்கு முந்தையதைத் திருப்பிப் போட்டதுபோலத்தான் இருக்கும், ஆனால் இது அபூர்வமான நோய். ஏன் அபூர்வம் என்பதில்தான் இந்த இயந்திரத்தின் மிகக் கெட்டிக்காரத்தனமான இடம் ஒளிந்திருக்கிறது.

ஹாரிசான்டல் அவுட்புட் டிரான்சிஸ்டர் என்பது உண்மையில் ஒரு சுவிட்ச். அது மூடியிருக்கும்போது யோக்கில் மின்னோட்டம் சீராக ஏறி, புள்ளி வலப்பக்கம் நகர்கிறது. வரி முடிந்ததும் சுவிட்ச் சட்டென்று திறக்கிறது. யோக்கில் சேர்ந்திருந்த காந்த ஆற்றலுக்குப் போக்கிடம் வேண்டும். அது பக்கத்தில் உள்ள ஒரு சிறிய கன்டென்சரில் பாய்ந்து திரும்புகிறது. அந்தப் பாய்ச்சலில் புள்ளி இடப்பக்கத்துக்குத் தாவிவிடும். கூடவே டிரான்சிஸ்டரின் தலையில் ஏறத்தாழ 1,000 வோல்ட் துடிப்பு ஒன்று எழும்பும். இந்தத் துடிப்பை வீணாக்காமல் ஒரு டிரான்ஸ்ஃபார்மரில் ஏற்றிப் பன்மடங்காக்கினால் பிக்சர் டியூபுக்கு வேண்டிய உயர் மின்னழுத்தம் இலவசமாகக் கிடைக்கும். நம் ஊர் மெக்கானிக்குகள் ஈ.எச்.டி. என்று சொல்லும் அந்தத் தடித்த கறுப்புக் கட்டி இதுதான். பல மாடல்களில் டியூபின் ஹீட்டருக்கான 6.3 வோல்ட்டும் இதன் ஒரு சுற்றிலிருந்தே வரும்.

ஆகவே ஹாரிசான்டல் பகுதி செத்தால் அசைவு மட்டும் நிற்காது, வெளிச்சமும் சேர்ந்து போய்விடும். நெட்டுக்கோடு தெரிகிறது என்றாலே டிரான்சிஸ்டரும் ஈ.எச்.டி.யும் ஓடுகின்றன, யோக்குக்குப் போகும் வழி மட்டும் அறுந்திருக்கிறது என்று பொருள். இதற்குப் பேர்போன உதாரணம் 1984 முதல் வந்த ஆப்பிளின் சிறிய மேக்கின்டாஷ்கள். 9 அங்குலத் திரை, டியூபின் பக்கவாட்டில் நெட்டுக்குத்தாக நிற்கும் பவர் போர்டு, சத்தம் கூடாது என்ற ஸ்டீவ் ஜாப்ஸின் பிடிவாதத்தால் உள்ளே மின்விசிறியே இல்லை. தினமும் சூடேறி, தினமும் ஆறி, யோக் கனெக்டரின் கால்களைப் பிடித்திருந்த சால்டரில் கண்ணுக்குத் தெரியாத வட்ட விரிசல்கள் விழுந்தன. ஒரு நாள் திரை நெட்டுக்கோடாகச் சுருங்கும். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினால் படம் திரும்பும். சரியாக எந்த இடத்தில் தட்ட வேண்டும் என்று உரிமையாளர்களுக்கு அத்துப்படி ஆகியிருந்தது. சொலிடேர், டயனோரா காலத்து டிவியின் தலையில் தட்டி ஒளியும் ஒலியும் பார்த்த வீடுகளில் நடந்ததும் இதே இயற்பியல்தான். தட்டு குணப்படுத்தவில்லை, "ட்ரை சால்டர் இங்கே எங்கேயோ இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தது. 1987இல் வந்த மேக்கின்டாஷ் எஸ்.இ.யில் ஆப்பிள் மின்விசிறியைப் பொருத்திவிட்டது.

கோடும் இல்லாத முழு இருட்டுதான் கடினமான நோய். படம் வரையாத நோயாளியிடம் வேறு புலன்களால்தான் பேச வேண்டும்.

முதலில் காது. பழைய 'பால்' (PAL) முறை டிவிகள் நொடிக்கு 15,625 வரிகள் போட்டன. அந்த வேகத்தில் அதிரும் ஈ.எச்.டி. மெல்லிய விசில் ஒன்றை எழுப்பும். குழந்தைகளுக்குத் துல்லியமாகக் கேட்கும், நாற்பது தாண்டியவர்களில் பலருக்குக் கேட்காது. 5151 பாடும் 18,432 இன்னும் உச்சஸ்தாயி. மெக்கானிக்கின் அனுபவம் ஏற ஏற இந்தச் சோதனைக்குத் தேவையான காது இறங்கிக்கொண்டே போகும் என்பது தொழிலின் சின்னக் குரூரம். பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளலாம். விசிலுக்குப் பதில் "டிக்... டிக்... டிக்" என்று சீரான இடைவெளியில் சத்தம் வந்தால், பவர் சப்ளை எழ முயன்று, எங்கோ ஷார்ட் இருப்பதை உணர்ந்து, மறுபடி படுத்துக்கொள்கிறது. பிறகு மூக்கு. மீன் வாடை அடித்தால் ஏதோ ஒரு கன்டென்சரிலிருந்து திரவம் கசிந்திருக்கும். இடி மழைக்குப் பின் வரும் ஓசோன் வாடையும் "உஸ்" என்ற சீறலும் சேர்ந்தால் உயர் மின்னழுத்தம் காற்றில் ஒழுகுகிறது. கண்ணாடிக் கழுத்தை எட்டிப் பார்த்தால் இன்னொரு தடயம்: உள்ளே வெள்ளி பூசியதுபோல ஒரு கறை இருக்க வேண்டும். மிச்சசொச்சக் காற்றை விழுங்குவதற்காகத் தொழிற்சாலையில் ஆவியாக்கிப் படிய வைத்த உலோகம் அது. வெள்ளி நிறம் பால்வெள்ளையாக மாறியிருந்தால் டியூபுக்குள் காற்று புகுந்துவிட்டது. அத்துடன் மீட்டரைக் கீழே வைத்துவிடலாம்.

5151இல் இருட்டுக்குள் ஒரு பொறியும் உண்டு. பெரும்பாலான மானிட்டர்களிலும் டிவிகளிலும் சிக்னல் வராவிட்டாலும் உள்ளே ஒரு ஆசிலேட்டர் தானாக ஓடும். வெற்றுத் திரையாவது ஒளிரும். ஐ.பி.எம். இந்த மாடலில் அதைச் சிக்கனம் பிடித்தது. கம்ப்யூட்டரிலிருந்து வரும் சிங்க் துடிப்பே ஹாரிசான்டல் டிரான்சிஸ்டரை நேரடியாக ஓட்டும். கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு 5151ஐப் போட்டால் இருட்டுதான், அதுவே அதன் இயல்பு. இது தெரியாமல் மானிட்டரை மட்டும் தனியே சோதித்து "செத்துவிட்டது" என்று ஓரங்கட்டுவது எளிது. எதிர்ப்புற ஆபத்து இன்னும் மோசம். ஐ.பி.எம்.மின் கலர் கார்டுக்கும் இதே ஒன்பது கால் கனெக்டர்தான். தவறிச் செருகினால் அச்சாகப் பொருந்தும், ஆனால் அந்த கார்டு தருவது 18,432 அல்ல, சுமார் 15,750. டிரான்சிஸ்டர் அதிக நேரம் மூடியிருக்கும், மின்னோட்டம் எல்லை மீறி ஏறும், ஈ.எச்.டி. கூச்சலிடும். சரியான கார்டிலேயே இருக்கும் மோட்டரோலா 6845 சிப்பில் ஒரு புரோகிராம் தவறான எண்களை எழுதினாலும் அதே கதி நேரலாம். மென்பொருள் வன்பொருளை எரிக்கும் என்பது அந்த நாளில் வெறும் வதந்தி அல்ல. ஆகவே மூடியைக் கழற்றுவதற்கு முன் கேட்க வேண்டியது: கேபிளின் மறுமுனையில் என்ன இருக்கிறது?

மூடியைக் கழற்றியபின் பயப்பட வேண்டியது எதற்கு என்பதிலும் குழப்பம் உண்டு. எல்லோரும் அஞ்சுவது பிக்சர் டியூபின் பக்கவாட்டில் உறிஞ்சிபோல ஒட்டியிருக்கும் ஆனோடு மூடியை. டியூபின் உள்பூச்சும் வெளிப்பூச்சும் நடுவில் கண்ணாடியுமாகச் சேர்ந்து அதுவே ஒரு கன்டென்சர். அணைத்த பிறகும் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஒருமுறை வடித்தாலும் கண்ணாடியில் ஊறியிருந்தது மெல்ல மேலே வரும், அதனால் இரண்டாம் முறையும் வடிப்பார்கள். 12 அங்குலத் திரையில் அந்த ஆற்றல் சுமார் 0.1 ஜூல். அடி பலமாக இருக்கும். ஆனால் கை தானாக உதறி டியூபின் மெல்லிய கழுத்தை உடைப்பதே அதன் வழக்கமான விளைவு. நிஜமாக ஆளைக் கொல்லக்கூடியது பவர் சப்ளையின் பெரிய ஃபில்டர் கன்டென்சரும், மெயின்ஸோடு நேரடித் தொடர்புள்ள பகுதியும்தான். 230 வோல்ட் ஊரில் அந்தக் கன்டென்சரில் 325 வோல்ட் டி.சி. நிற்கும். பழக்கமுள்ள கைகள் அதை ஒரு ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டரால் உறுதிசெய்த பிறகே உள்ளே போகும். பழக்கமில்லாத கைகள் பின்மூடியோடு நின்றுகொள்வது நல்லது.

சந்தேகத்துக்குரிய மானிட்டரை மறுபடி போடும்போது மெக்கானிக்குகள் நடுவில் ஒரு குண்டு பல்பைத் தொடராக வைப்பார்கள். நம் ஊர்ப் பட்டறைகளில் சீரிஸ் லேம்ப் என்று சொன்னால் சின்னப் பையனுக்கும் தெரியும். 100 வாட் பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை, எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான். உள்ளே எல்லாம் சரி என்றால் பல்பு ஒரு கணம் மின்னி மங்கும். ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரிந்து, வர வேண்டிய சேதத்தைத் தானே வாங்கிக்கொள்ளும். சில ரூபாய்ப் பல்பு, கிடைப்பதற்கரிய ஈ.எச்.டி.யைக் காப்பாற்றிவிடுகிறது. பழுது பார்க்கும் கருவிகளிலேயே இதைவிட அழகான ஒன்றைச் சொல்வது கஷ்டம்.

பல்பு முழுசாக எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். மீட்டரை வைத்தால் ஹாரிசான்டல் டிரான்சிஸ்டர் ஷார்ட். இங்கே புதியவர்கள் இரண்டு முறை ஏமாறுவார்கள். முதலாவது, நல்ல டிரான்சிஸ்டரையே கெட்டதென்று தூக்கி எறிவது. பி.யு. 508டி போன்றவற்றில் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே சில பத்து ஓம்ஸ் ரெசிஸ்டர் ஒன்றை உள்ளேயே வைத்திருப்பார்கள். மீட்டர் அதை ஷார்ட்போலக் காட்டும். பார்க்க வேண்டியது கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே. இரண்டாவது ஏமாற்றத்துக்குச் செலவு அதிகம். உண்மையிலேயே எரிந்த டிரான்சிஸ்டரை மாற்றிவிட்டு நேராகப் போட்டுப் பார்ப்பது. புதியது பத்து நிமிடம் ஓடி எரியும். அடுத்ததும் எரியும்.

1,500 வோல்ட் தாங்கும் டிரான்சிஸ்டர் சும்மா சாவதில்லை. அதற்குக் கட்டளை கொடுக்கும் டிரைவர் பகுதியில் ஒரு சின்னக் கன்டென்சர் வறண்டிருக்கலாம். கட்டளை தெம்பில்லாமல் வருவதால் டிரான்சிஸ்டர் முழுசாகத் திறக்கவும் முடியாமல் மூடவும் முடியாமல் நடுவில் நின்று கொதிக்கும். அல்லது ஈ.எச்.டி.க்குள் சில சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம். அதைச் சாதாரண மீட்டரால் கண்டுபிடிக்க முடியாது. ஆயிரக்கணக்கான சுற்றுகளில் சில குறைந்தால் மின்தடை மாறுவது தெரியாது. அதற்கு மணி அடிப்பதுபோல ஒரு சோதனை: சுருளுக்கு ஒரு துடிப்பைக் கொடுத்தால் நல்ல டிரான்ஸ்ஃபார்மர் பலமுறை அலைந்து அடங்கும். சுற்று ஒட்டியிருந்தால் விரிசல் விட்ட மணிபோல ஓரிரு அலைவிலேயே சத்து போய்விடும்.

மூன்றாவது சந்தேகம் அந்தத் துடிப்பைத் தாங்கும் சிறிய கன்டென்சர் மேல். அதன் மதிப்பு குறைந்தால் துடிப்பு உயரும், ஈ.எச்.டி. வோல்ட்டும் உயரும். படம் கூடுதல் பளிச்சென்று இருப்பதால் பார்ப்பவருக்குச் சந்தோஷமாகவே இருக்கும். ஆனால் எலக்ட்ரானை மிதமிஞ்சி முடுக்கினால் அது மோதும் இடத்தில் பிறப்பது வெளிச்சம் மட்டுமல்ல. 1967இல் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக்கின் பெரிய திரை கலர் டிவிகள் சிலவற்றிலிருந்து எக்ஸ் கதிர் கசிவது தெரியவந்தது. கசிவுக்கு மூலம் பிக்சர் டியூப் அல்ல, உயர் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்த வைத்திருந்த வேறொரு வால்வு. அடுத்த ஆண்டே அங்கே கதிர்வீச்சுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பின்னாளைய மானிட்டர்களில் வோல்ட் எல்லை மீறினால் தானாகவே அணையும் சர்க்யூட் இருப்பது அந்தக் கவலையின் மிச்சம். "போட்ட இரண்டாவது நொடியில் அணைந்துவிடுகிறது" என்ற புகாரோடு வரும் மானிட்டரில், அந்தக் காவலாளியைத் துண்டித்துவிட்டுப் படம் காட்டுவது வேலை தெரிந்தவர் செய்யும் காரியமல்ல.

பழுதே இல்லாத பழுதுகளும் உண்டு. சோனியின் டிரினிட்ரான் திரையில், வெள்ளைப் பின்னணியில் உற்றுப் பார்த்தால், மயிரிழை போன்ற நிழல்கோடு ஒன்றோ இரண்டோ கிடையாக ஓடும். டியூபுக்குள் நெட்டுவாக்கில் இழுத்துக் கட்டிய கம்பிச்சல்லடை அதிராமலிருக்க அதன் குறுக்கே போட்ட மெல்லிய கம்பியின் நிழல் அது. 1968இல் டிரினிட்ரான் வந்த நாள்தொட்டு அதைப் பழுது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கி வந்தவர்கள் ஏராளம். ஐ.பி.எம்.மின் கலர் மானிட்டரான 5153இல் இன்னொரு வேடிக்கை. கார்டு அனுப்பும் 16 நிறக் குறிகளில் 6 என்ற எண்ணுள்ளதைக் கணக்குப்படி காட்டினால் மங்கிய மஞ்சள், பார்க்கச் சகிக்காது. அந்த ஒரு குறி வரும்போது மட்டும் பச்சையைப் பாதியாக்கிப் பழுப்பு நிறம் காட்ட மானிட்டருக்குள் தனியாக ஒரு சர்க்யூட் வைத்தார்கள். வேறு மானிட்டரில் பழுப்பு மஞ்சளாகத் தெரிந்தால் குற்றம் டியூப் மேல் இல்லை.

மேசையில் காத்திருக்கும் பச்சைக் கோட்டுக்குத் திரும்புவோம். வெர்ட்டிகல் பகுதி சிறியது, சந்தேகப் பட்டியலும் சிறியது. யோக்கின் சுருளில் தொடர்பு அறுந்திருக்கிறதா? கனெக்டரின் கால்களில் வட்ட விரிசலா? அந்தப் பகுதிக்கு வோல்ட் கொண்டுவரும் ரெசிஸ்டர் திறந்துவிட்டதா? இவை மூன்றும் அணைத்த நிலையிலேயே, லென்ஸும் மீட்டரும் கொண்டு முடித்துவிடக்கூடியவை. நான்காவது, யோக்குக்கு மின்னோட்டத்தைக் கடத்தும் பெரிய கன்டென்சர். அனுபவம் உள்ளவர்கள் பட்டியலைத் தலைகீழாகப் படித்து இதிலிருந்தே தொடங்குவார்கள்.

எலக்ட்ரோலைட்டிக் கன்டென்சருக்கு வயது உண்டு. இரண்டு அலுமினியத் தகடு, நடுவில் திரவத்தில் நனைந்த காகிதம், அடியில் ஒரு ரப்பர் அடைப்பு. திரவம் வருஷக்கணக்கில் அந்த ரப்பர் வழியே ஆவியாகும். 85 டிகிரி, 2,000 மணி நேரம் என்று மதிப்பிட்ட ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெப்பம் 10 டிகிரி குறையும்தோறும் ஆயுள் இரட்டிக்கும் என்பது தோராயமான விதி. 45 டிகிரியில் 32,000 மணி நேரம். அலுவலகத்தில் நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 250 நாள் என்றால் 16 ஆண்டு. 1981இல் வாங்கியதன் கணக்கு 1997லேயே முடிந்துவிட்டது. சாகும் வழியிலும் அது படம் வரைந்துகொண்டேதான் போயிருக்கும்: முதலில் திரையின் உயரம் விரலளவு குறையும், மேல் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று மடியும், காலையில் குறுகி மதியம் சூடேறியதும் சரியாகும். கடைசியில்தான் ஒற்றைக் கோடு. மேல்பார்வைக்குக் கன்டென்சர் உப்பாமல் பளபளவென்று இருக்கலாம். கொள்ளளவை அளக்கும் மீட்டர்கூடச் சில சமயம் சமாதானமாகிவிடும். உள்தடையை அளக்கும் ஈ.எஸ்.ஆர். மீட்டர் ஏமாறாது. நல்லதில் ஒரு ஓம்ஸின் சிறு பகுதி காட்ட வேண்டிய இடத்தில் பத்து, இருபது என்று ஏறி நிற்கும்.

புதிய கன்டென்சரை, பிளஸ் மைனஸ் பார்த்து, சால்டர் வைத்து, யோக் கால்களையும் ஒருமுறை உருக்கி நிறைத்து, சீரிஸ் லேம்ப் வழியாகப் போடுகிறார்கள். பல்பு மின்னி மங்குகிறது. கோடு விரிந்து திரையாகிறது. 80 எழுத்து, 25 வரி, மூலையில் கர்சர் துடிக்கிறது. வரிகள் மேலே நகரும்போது ஒவ்வொரு எழுத்தும் பச்சைப் புகைபோல ஒரு வாலை இழுத்துக்கொண்டு போகிறது. இதுவும் பழுதல்ல. 50 முறை மட்டுமே புதுப்பிக்கப்படும் திரை கண்ணை உறுத்தாமலிருக்க, மெதுவாக அணையும் பி39 என்ற பாஸ்பரை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

எல்லாம் அணைத்து, பின்மூடியைப் பூட்டி, கண்ணாடியைத் துடைக்கும்போது ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழுந்தால் இன்னொன்று தெரியலாம். திரையின் மேல்வரியிலும் இடது ஓரத்திலும் பாஸ்பர் லேசாகப் பழுத்திருக்கும். ஏதோ ஓர் அலுவலகத்தில் வருஷக்கணக்கில் நாள் முழுக்க அசையாமல் நின்ற கணக்குப் புரோகிராமின் சட்டகம். கரண்ட் இல்லாமலே அதைப் படிக்கலாம், எந்தக் கன்டென்சரை மாற்றினாலும் அது போகாது.